ராசாவின் காலடியில் ஒரு கோடு

வெடிப்பு அங்கேதான் இருந்தது. பவளராணி டோர்ச்சை அணைத்தாள், போட்டாள், ஒரு எட்டு இடப்பக்கம் தள்ளி நின்று குனிந்து பார்த்தாள். அது எங்கும் போகவில்லை. கல்லில் செதுக்கின ராசாவின் இடது கணுக்காலுக்குக் கீழே, ஓரமாக, ஒரு விரல் நீளத்துக்கு, தலைமயிர் ஒன்று விழுந்து கிடக்கிற மாதிரி. மயிராகவே இருக்கட்டுமே பிள்ளையாரே என்று ஊதப்போனவள், இந்த மண்டபத்தில் கல்லுக்கு மேலே மூச்சுக்கூட விடக்கூடாது என்ற சட்டம் நினைவுக்கு வந்து வாயை மூடிக்கொண்டாள். மணி ஒன்பது பத்து. பத்து மணிக்குத்தான் அருங்காட்சியகத்தின் கதவு திறக்கும். அதற்கு முன் பழைய மாயா நாகரிகத்துக்கான இந்த மண்டபத்தின் பன்னிரண்டு கற்களையும் காவல் நிற்கிறவர் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும், டோர்ச்சை நேரே பிடிக்காமல் பக்கவாட்டில் பிடித்து, ஏனென்றால் நேர் வெளிச்சம் எல்லாவற்றையும் மழுப்பிவிடும், பக்க வெளிச்சம்தான் பள்ளத்தையும் மேட்டையும் காட்டிக்கொடுக்கும். பார்த்துவிட்டுத் தாளில் 'மாற்றமில்லை' என்ற கட்டத்தில் ஒரு சரி போட வேண்டும். ஒன்பது வருஷமாக இது அவள் வேலை. ஆறு கிழமை, ஒன்றரை மாத லீவுக்குப் பிறகு இன்றைக்குத்தான் திரும்பி வந்திருக்கிறாள், வலது கண்ணுக்குள் செத்துப்போன, முகம் தெரியாத ஒருவர் விட்டுப்போன சவ்வோடு, புதுப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைபோல விடிய நாலு மணிக்கே எழும்பித் தலைவாரிக்கொண்டு. வந்த முதல் நாளே, ஐந்தாவது கல்லிலேயே, இது. எத்தனை நாளாக இருக்கிறது? கோட்டின் இரண்டு கரையும் கறுத்துத் தூசி படிந்திருந்தது. புது வெடிப்பென்றால் உள்ளே வெளிறித் தெரியும் என்று பயிற்சியில் சொல்லித் தந்திருந்தார்கள். அப்படியானால் இது பழசு. பழசென்றால் அவள் சரி போட்ட காலையிலெல்லாம் இது இங்கேதான் இருந்திருக்கிறது.

சரியும் கொஞ்ச நஞ்சமில்லை, இரண்டு வருஷத்துச் சரி. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர்கள் உண்டு என்பார்கள், பவளராணி இரண்டு கண்ணை மறைத்தவள். முதலில் காலையில் மட்டும் கண்ணில் பனிமூட்டம்போல ஒரு மெல்லிய புகார், முகம் கழுவினால் போய்விடும் என்று நினைத்தாள், பிறகு முகம் கழுவியும் போகவில்லை, பஸ்ஸில் ஏறும்போது நம்பர் தெரியவில்லை, முன்னால் நிற்கிறவரின் பின்னால் ஏறினாள், இரண்டு தரம் ஆரோ ஒருவரின் ஊருக்குப் போய் இறங்கினாள். மத்தியானத்துக்குமேல் புகார் கலையும், பின்னேரம் பேப்பர் வாசிக்கலாம். கண்ணின் கண்ணாடிக்கு உள்பக்கம் தண்ணீரை இறைத்து வெளியேற்றுகிற சவ்வு சோர்ந்துபோனால் இப்படித்தான், இரவு முழுக்க மூடியிருந்த கண்ணில் காலையில் நீர் கட்டிக்கொள்ளும் என்று டாக்டர் பிறகு விளக்கினார். பிறகு. இரண்டு வருஷம் கழித்து. அதற்கிடையில் அவள் ஒரு நாடகம் ஆடினாள். பின்னேரங்களில் கற்களை ஒவ்வொன்றாக மனப்பாடம் செய்தாள். காலையில் டோர்ச்சைப் பிடிக்க வேண்டிய இடத்தில் பிடித்து, குனிய வேண்டிய இடத்தில் குனிந்து, நிற்க வேண்டிய அளவுக்கு நின்று, வெள்ளைப் புகாருக்குள் நிற்கிற ஒரு கறுப்பு மொத்தத்தைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுச் சரி போட்டாள். கமராவில் பார்த்தவர்கள் இவளைப்போலக் கவனமானவள் இல்லை என்றுதான் சொல்லியிருப்பார்கள். கண் தெரியாத காவல்காரியை எவர் வைத்திருப்பார்கள்? பிறகு இவள் எங்கே போவாள், ஐம்பத்தாறு வயதில், மீன் தொழிற்சாலைக்குத் திரும்பிப் போவாளா, அந்தக் குளிரறைக்கு, கையுறைக்குள் விரல் இருக்கிறதா இல்லையா என்று எண்ணிப் பார்க்கிற அந்த வேலைக்கு? மகள் மதுராவுக்குக்கூடச் சொல்லவில்லை. சோற்றில் இரண்டு தரம் கல் கடிபட்ட பிறகு மதுராதான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஆசுபத்திரிக்குப் போனாள். பாவம், நல்ல பிள்ளை. எத்தனை நாளாக அம்மா என்று அவளும் இதையேதான் கேட்டாள்.

ராசாவுக்கு ஆயிரத்து முந்நூறு வயது, பெயர் இவள் வாயில் நுழையாது, அதனால் ராசா. இரண்டு ஆள் உயரத்து நடுகல்லில் முன்பக்கம் முழுக்க அவரேதான், தலையைவிட மூன்று மடங்கு பெரிய இறகுக் கிரீடம், நெஞ்சில் பச்சைக்கல் மாலை, காலடியில் கைகட்டப்பட்ட ஒரு எதிரி, இவ்வளவையும் சுமந்துகொண்டு அந்த மனுசன் எப்படி நடந்தார் என்று அவள் பலநாள் இரக்கப்பட்டிருக்கிறாள். இரண்டு வருஷத்துக்குப் பிறகு இன்றைக்குத்தான் காலை வெளிச்சத்தில் அவருடைய முகத்தை முழுதாகப் பார்க்கிறாள், ராசா சிரிக்கவில்லை, ஆனால் கீழுதட்டின் ஓரத்தில் செதுக்கியவன் ஒரு சின்னக் குழியை விட்டிருக்கிறான், வீட்டில் இவர் இப்படிப்பட்ட ஆளில்லை என்று சொல்கிற மாதிரி. பக்கவாட்டில் கீழே, உளியை அழுத்தாமல் கீறினதுபோல மூன்று எழுத்து, அது செதுக்கினவனின் கையெழுத்தாம். இந்த இரண்டு வருஷத்தில் எத்தனை பேருக்கு அந்த இடத்தைக் கை நீட்டிக் காட்டியிருக்கிறாள், தான் காணாமலே. இன்றைக்கு அதையும் கண்டாள். கண்டதில் வந்த சந்தோஷம் மூன்று நிமிஷம்கூட இருக்கவில்லை, டோர்ச்சை இறக்கினாள், கணுக்கால், கோடு. பார்க்காமல் இருந்திருக்கலாம். சீ, என்ன நினைப்பு இது! ஆரோ ஒரு வீட்டில் அழுதுகொண்டே ஒரு குடும்பம் ஓமென்று சம்மதித்ததால் வந்த கண், பார்க்காமல் இருந்திருக்கலாம் என்று நினைக்கிறதா? பவளராணி தன் வலது இமையைத் தொடாமல் தொடுகிறாப்போல விரலைக் கிட்டக் கொண்டுபோய் மன்னிப்புக் கேட்டாள். ஆரிடம் கேட்டாள் என்று அவளுக்கே தெரியாது.

கேட்கிறதற்குப் பெயர் இல்லை, அதுதான் கரைச்சல். கைப்பையில் ஒரு தாள் இருக்கிறது, ஆசுபத்திரி கொடுத்தது, கண் கொடுத்தவரின் குடும்பத்துக்குக் கடிதம் எழுதலாம், ஆனால் உங்கள் பெயர் வேண்டாம், ஊர் வேண்டாம், அவர்களுடைய பெயரும் உங்களுக்குச் சொல்லப்படாது. நாலு கிழமையாக அந்தத் தாள் மடிந்து மடிந்து நாலாகிவிட்டது. 'தாங்க்யூ எண்டு எழுதி அனுப்புங்கோவன் அம்மா, அவ்வளவுதானே' என்கிறாள் மதுரா. அவ்வளவுதானா? இவள் வளர்ந்த வீட்டில் எவரும் எவருக்கும் நன்றி சொன்னதில்லை, அது மேடையில் பேசுகிறவர்கள் கடைசியில் சொல்கிற சொல். பக்கத்து வீட்டிலிருந்து ஒரு கிண்ணத்தில் கறி வந்தால் அந்தக் கிண்ணம் வெறுமையாகத் திரும்பிப் போகாது, அவ்வளவுதான் தெரியும். ஒன்றுமில்லையென்றால் ஒரு கைப்பிடி சீனி, அதுவுமில்லையென்றால் முற்றத்து முருங்கையில் ஒரு பிடி இலை. வெறும் பாத்திரம் கொடுத்தால் அந்த வீட்டு வாசலில் பிறகு முழிக்க முடியாது. இந்தக் கிண்ணத்துக்குள் எதைப் போடுகிறது? உங்கள் அம்மாவோ அப்பாவோ மகளோ தந்த கண்ணால் நான் பஸ் நம்பர் பார்க்கிறேன் என்றா? மதுராவின் நாடியில் ஒரு மச்சம் இருக்கிறதை மறந்தே போயிருந்தேன் என்றா? எதை எழுதினாலும் சின்னதாக இருக்கிறது, அவர்கள் தந்தது பெரிசு. ஆபரேஷன் முடிந்து மூன்று நாள் மல்லாந்து படுக்க வேண்டும், சவ்வு ஒட்டுவதற்காகக் கண்ணுக்குள் ஒரு காற்றுக் குமிழியை விட்டிருந்தார்கள், தலையைத் திருப்பக்கூடாது. மூன்று நாளும் மதுராவின் வீட்டுக் கூரையைத்தான் பார்த்தாள். அப்போது நினைவில் வந்தது ஒன்பதாவது கல். அது கோயில் வாசலின் மேல் கிடந்த உத்தரக்கல், அடிப்பக்கம்தான் செதுக்கியிருக்கிறது, இங்கே பார்க்கிறவர்களுக்கு வசதியாகச் சுவரில் நிமிர்த்தி மாட்டியிருக்கிறார்கள். அந்த ஊரில் வாசலைக் கடக்கிறவன் நின்று அண்ணாந்தால்தான் ராசாவும் ராணியும் தெரிவார்கள், இல்லையென்றால் அவன் தலைக்கு மேலேயே இருந்தும் தெரியாது. இத்தனை பாடுபட்டு ஏன் ஆருக்கும் தெரியாத இடத்தில் செதுக்கினார்கள் என்று முந்தி நினைப்பாள். கூரையைப் பார்த்துக் கிடந்த மூன்றாம் நாள் அந்தக் கேள்வி எப்படியோ போய்விட்டது. தலைக்கு மேலே இருந்தது, அவள்தான் அண்ணாந்து பார்க்கவில்லை.

ஆனால் வெடிப்பு. மனம் எங்கே போனாலும் அங்கேயே வந்து இடறுகிறது, வாசல் படலையின் கீழ்க்கல்லில் தினமும் கால் இடிபடுகிற மாதிரி. மண்டபத்தின் நடுவே கண்ணாடிக்குள் மாயாக் கோயில் ஒன்றின் சின்ன மாதிரி உருவம் இருக்கிறது, ஏணிபோலச் செங்குத்தான படிகள், உச்சியில் ஒரு கோயில், அதன் கூரைக்கு மேலே சும்மா உயரத்துக்காகக் கட்டின துளைச்சுவர். இவ்வளவு பெரிய மலைக்கு உள்ளே பார்த்தால் மூன்று பேர் நிற்க இடம் காணாத அறை. கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னே தள்ளி அடுக்கித்தான் கூரையை மூடுவார்கள், அதனால் அகலம் வராது, சுவர்தான் தடிக்கும். மாதிரியின் ஒரு பக்கத்தை வெட்டித் திறந்து காட்டியிருக்கிறார்கள்: உள்ளே இன்னொரு கோயில், அதற்குள் இன்னொன்று. பழையதைப் பெரும்பாலும் இடிக்க மாட்டார்களாம், அதன் மேலேயே புதியதை எழுப்புவார்கள். இவளுக்கு அது பிடிக்கும். ஹெலனுக்கும் பிடிக்கும், ஹெலன் மேற்பார்வையாளர், நெடுநெடு என்று ஒரு பெண், சத்தம் போட மாட்டாள், அதனாலேயே பயம். இரண்டு மாரிக்கு முன் ஒருநாள் மதியம் ஹெலன் இதே இடத்தில் வந்து நின்று, "ராணி, உனக்கு நல்ல கண்" என்றாள். வேறு எதுவும் சொல்லவில்லை, தோளைத் தட்டிவிட்டுப் போய்விட்டாள். திருடனுக்குத் தேள் கொட்டினாப்போல பவளராணி நின்றாள், கத்தவும் முடியாது, கேட்கவும் முடியாது. தெரிந்து குத்திக் காட்டினாளா? தெரியாமல் சொன்னாளா? இரண்டு இரவு நித்திரையில்லை. மடியில் கனம் இருந்தால் வழியில் பயம்தானே. அந்த மாரியில்தான் அடுத்த மண்டபத்து நல்லைநாதனின் தொல்லையும் தொடங்கினது. சீனத்துப் பானைகளுக்குக் காவல் நிற்கிறவர், இவளைவிட ஆறு வயது கூட, அண்ணை என்றுதான் கூப்பிடுவாள். தினமும் ஒன்பதரைக்கு வந்து பல்லைக் காட்டிக்கொண்டு, டோர்ச்சில் பற்றரி இல்லை, உன்ரயை ஒருக்காத் தா என்பார். தினமும்! கொண்டுபோனால் கால் மணித்தியாலம் வராது. இந்த மனுசன் ஒரு பற்றரி வாங்கினால் குறைந்தா போவார், கஞ்சன் என்று வீட்டில் போய்ப் பொரிவாள். அதுவும் ஒரு வகையில் நல்லதென்று சமாதானம் செய்வாள், டோர்ச் இல்லாத கால் மணியில் நடிக்கத் தேவையில்லை.

சரி, எழுதத்தான் வேண்டும். கண் தந்தவர்கள் பொய்யெழுதவா தந்தார்கள்? ஐந்தாவது கல், இடது ஓரம், வெடிப்பு, பழசு. எழுதினால் ஹெலன் பழைய தாள்களை எடுப்பாள், எடுத்தால் பவளராணியின் சரிகள் வரிசையாக நிற்கும், ஐந்நூறு சரி, அறுநூறு சரி, ஒவ்வொன்றும் வாய் திறந்து பொய் என்று சொல்லும். எழுதாவிட்டால் கோடு வளரும். ஆயிரத்து முந்நூறு வருஷம் மழையிலும் வெயிலிலும் விழாமல் நின்ற மனுசன், இவளுடைய பயத்தினால் காலொடிந்து விழுவதா? மீன் தொழிற்சாலை என்றால் மீன் தொழிற்சாலை. கையுறை இரண்டாகப் போட்டுக்கொள்ளலாம். வாசலோரம் தொங்கிய கோப்பை எடுத்து, பேனாவைத் திறந்து, 'மாற்றம்' என்ற கட்டத்தைத் தேடினாள். அந்தக் கட்டத்தில் இதுவரை அவள் கை பட்டதில்லை. 'பின்பக்கக் குறிப்புகளைப் பார்க்க' என்று அதன் கீழே சின்னதாக அச்சடித்திருந்தது, அதையும் இன்றைக்குத்தான் வாசிக்கிறாள். பின்பக்கம் திருப்பினாள்.

மஞ்சள் தாள்கள். முதல் தாளில், இரண்டு மாரிக்கு முந்திய ஒரு கார்த்திகைத் தேதியில், ஐந்தாவது கல், இடது கணுக்காலுக்குக் கீழே விரல் நீள வெடிப்பு, இன்று காலை கண்டது. அதன் கீழே கல் வைத்தியர்கள் என்று இவர்கள் கேலி செய்கிற கற்களைப் பழுதுபார்க்கிற பிரிவுக்காரரின் கையெழுத்து: அளந்தோம், உறுதியாக இருக்கிறது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளப்போம். அளந்த திகதிகள் எல்லாம் திங்கட்கிழமை, இவளுடைய லீவு நாள். எட்டுத் தரம் அளந்திருக்கிறார்கள், எட்டுத் தரமும் ஒரே நீளம். அதற்குக் கீழே, ஏழாவது கல்லில் பூச்சிக்கூடு, அகற்றப்பட்டது. பதினோராவது கல்லின் தாங்கியில் ஆணி தளர்ந்தது, முறுக்கப்பட்டது. கண்டவர் என்ற இடத்தில் எல்லாவற்றுக்கும் பவளராணியின் முதலெழுத்துகள். முதலெழுத்து அவளுடையது, கை அவளுடையது இல்லை. அவள் எழுத்து வலப்பக்கம் சாயும், இது நிமிர்ந்து நிற்கிறது. உனக்கு நல்ல கண் என்றாளே ஹெலன், அப்போது இதைத்தான், இந்தக் கண்ணைத்தான் சொன்னாளா, ஆருடைய கண்ணை? காவலருக்கான முக்காலியில் உட்கார்ந்தாள். கோப்பு மடியில் திறந்து கிடந்தது.

"என்ன தங்கச்சி, வந்த முதல் நாளே இருந்திட்டாய்? ராசா கோவிக்கப் போறார்."

நல்லைநாதன் வாசலில் நின்றார். மணி ஒன்பதரை. அவருக்கு இவ்வளவு நரைத்துப்போனது அவளுக்குத் தெரியாது, மூக்குக் கண்ணாடியின் ஒரு காதில் நூல் சுற்றியிருப்பதும் தெரியாது.

"சுகமா இருக்கிறியோ? கண் எப்பிடி?"

"இருக்குது அண்ணை. ஒரு கண்தான் செய்தது. மற்றது ஆவணியில."

"ஓ, அப்ப இன்னும் ஒண்டு இருக்குது" என்றார், ஏதோ கணக்குப் பார்க்கிறவர்போல. பிறகு பழைய பல் தெரிய, "என்ர டோர்ச்சில பற்றரி முடிஞ்சுபோச்சு. உன்ரயை ஒருக்காத் தா" என்றார்.

பவளராணி டோர்ச்சை நீட்டினாள். நீட்டின கை பாதியில் நின்றது. அவருடைய நீலச் சட்டையின் இடது பைக்குள், துணிக்கு அந்தப் பக்கத்தில், வட்டமாக ஒரு வெளிச்சம் எரிந்துகொண்டிருந்தது. பைக்குள் போடும்போது அணைக்க மறந்துவிட்டார், மனுசன். எத்தனை காலை இப்படி மறந்தாரோ. மறந்தால்தான் என்ன, இவளுக்கு எங்கே தெரிந்தது? தினமும் அவள் டோர்ச்சை வாங்கிக்கொண்டு அவர் சீனத்துக்குப் போகவில்லை. அதே மண்டபத்தில், அவளுக்கு நாலு முழத்துக்கு அப்பால், வெள்ளைப் புகாருக்குள், பன்னிரண்டு கல்லையும் சுற்றி, கண்டதை அவள் பெயரில் எழுதியும் வைத்திருக்கிறார். கமராவில் ஆரும் ஏனென்று கேட்டால் சொல்ல ஒரு சாக்கு வேண்டும், அவளுக்கும் சொல்ல ஒரு சாக்கு வேண்டும். அதற்காக இரண்டு வருஷம் கஞ்சன் என்ற பெயரை வாங்கிக்கொண்டார். அழக்கூடாது, கண்ணுக்கு ஆகாது என்று டாக்டர் சொல்லவில்லை, ஆனால் சொல்லியிருப்பார் என்று நினைத்துப் பவளராணி அழுகையை அடக்கினாள்.

"அண்ணை, உங்கட பைக்குள்ள நிலவு எரியுது."

அவர் குனிந்து பார்த்தார். அவசரமாகக் கையால் பொத்தினார், விரலிடுக்கால் வெளிச்சம் வந்தது. பிறகு மெல்ல எடுத்து அணைத்தார். மடியில் கிடந்த மஞ்சள் தாளையும் கண்டுவிட்டார்.

"எப்பிடித் தெரியும் உங்களுக்கு?"

"நீ ஒருநாள் எனக்குக் குட்மோர்னிங் சொன்னனி. நான் இந்தப் பக்கம் நிக்கிறன், நீ அந்தத் தூணுக்குச் சொல்லிப்போட்டுப் போறாய்." அவர் சிரிக்கவில்லை. "என்ர மனிசிக்கும் கடைசியில இப்பிடித்தான் இருந்தது. அவவும் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. அதால எனக்கு அந்த நடை தெரியும்."

"ஏனண்ணை ஒரு சொல் சொல்லேல்லை?"

"சொன்னா நீ வேலைய விட்டிடுவாய். ரோசக்காரி. உதெல்லாம் ஒரு கதையே, விடு."

நன்றி என்ற சொல் அவள் நாக்கின் நுனிவரை வந்து, மேடைச் சொல்லாக, பொருந்தாத சட்டையாக நின்றது. "மத்தியானம் ஹெலனிட்டப் போய்ச் சொல்லப்போறன்" என்றாள்.

"எதை?"

"எல்லாத்தையும். மற்றக் கண் செய்யுமட்டும் காலமையில என்னை இதில விடவேண்டாமெண்டு. இரண்டு வருஷமா நான் பாக்கேல்லை எண்டு. உங்கட பேரைச் சொல்லன்."

"என்ர பேர் இல்லாம அந்தக் கதை எப்பிடி ஓடும்?" நல்லைநாதன் தன் டோர்ச்சைத் தட்டிப் பார்த்தார். "பன்னிரண்டுக்கு நானும் வாறன். இரண்டு பேரையும் சேத்து வேலையால அனுப்பினா பஸ்ஸுக்குத் துணை."

அவர் போனார். போகிற வழியில், பழக்கதோஷம், ஐந்தாவது கல்லுக்கு முன்னால் கொஞ்சம் குனிந்துவிட்டுத்தான் போனார். பவளராணி எழுந்து மிச்ச ஏழு கல்லையும் பார்த்தாள், ஒவ்வொன்றையும் மெய்யாகவே பார்த்தாள், பார்த்த பிறகு ஏழு சரி. ஐந்தாவதில் 'வெடிப்பு, முந்தியதே, நீளம் மாறவில்லை, என் கண்ணால் கண்டேன்' என்று எழுதி, வலப்பக்கம் சாய்கிற தன் எழுத்தில் கையெழுத்து வைத்தாள். என் கண்ணால் என்று எழுதினது சரிதானா என்று ஒரு கணம் தடுக்கிற்று. இருக்கட்டும். பயம் எங்கேயும் போய்விடவில்லை, பன்னிரண்டு மணிக்கு ஹெலனின் முகம் எப்படி மாறும் என்று நினைக்காமலும் இருக்க முடியவில்லை, ஆனால் இரண்டு வருஷமாக இருந்த அந்தக் கனம் இல்லை. மற்ற வீடுகளுக்குப் பாத்திரம் திருப்ப வேண்டியவள் என்று இதுவரை தன்னை நினைத்திருந்தாளே, பக்கத்து மண்டபத்திலிருந்து தினமும் ஒரு கிண்ணம் வந்துகொண்டிருந்தது, அவள் அதை வாங்கி வைத்துக்கொண்டு வைதுகொண்டிருந்தாள். நாளைக்கு அவருக்குச் சோறு கட்டிக்கொண்டு வரவேண்டும். கத்தரிக்காய்ப் பால்கறி, அவருக்குப் பிடிக்குமோ தெரியாது, பிடிக்காவிட்டாலும் சாப்பிடுகிற ஆள். இன்னும் எட்டு நிமிஷம் இருந்தது. கைப்பையிலிருந்து நாலாக மடிந்த தாளை எடுத்து, கோப்பின் மேல் வைத்து விரித்தாள். நாலு கிழமையாக வராத முதல் வரி, அது இத்தனை நேரமும் ராசாவின் காலடியில்தான் கிடந்திருக்கிறது. பெயர் எழுதவில்லை, ஊர் எழுதவில்லை.

இன்று காலை உங்கள் ஆளும் நானுமாக ஒரு பழைய கல்லைப் பார்த்தோம், அதில் ஒரு விரல் நீளத்துக்கு ஒரு வெடிப்பு இருக்கிறது, அது வளரவில்லை.